ஒப்பந்தமும் சேர்ந்து வரைகிறது

பிரியா குரியன் வரைந்து, சென்னை துலிகா பதிப்பகம் 2017இல் வெளியிட்ட ‘அம்மாச்சிஸ் கிளாசஸ்’ புத்தகத்தின் உள்ளே ஒரு சொல்கூடக் கிடையாது. காலையில் எழுந்த பாட்டிக்கு மூக்குக்கண்ணாடி அகப்படவில்லை. அவ்வளவுதான் கதை. கண் தெரியாத பாட்டி நடமாட நடமாட, ஒரு கேரளத்து வீடே தலைகீழாகிறது. படத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொள்ளும் குழந்தைகள், பெரியவர்கள் கவனிக்காமல் விட்டதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

விமர்சனம் எழுதுகிறவர் இதில் நகைச்சுவையைப் பார்ப்பார், கோட்டின் வேகத்தைப் பார்ப்பார். பதிப்பகத்தின் தயாரிப்பு மேசையில் இருப்பவருக்கு இன்னொன்றும் கண்ணில் படும். ஒன்பது மொழிகளில் புத்தகம் போடுகிற துலிகா போன்ற பதிப்பகத்துக்கு, சொல்லில்லாத புத்தகம் என்றால் மொழிபெயர்ப்பு வேலை இல்லை, மொழிக்கொரு லேஅவுட் இல்லை, எழுத்துப்பிழை பார்க்கும் தலைவலியும் இல்லை. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பிரியா குரியன் வரைந்தார் என்று சொல்லவில்லை. ஆனால் குழந்தைகளுக்காகவும் வணிகத்துக்காகவும் ஃப்ரீலான்ஸாக வரைகிற இன்றைய இந்திய ஓவியர்களின் படங்களைப் பார்க்கும்போது, இந்தக் கணக்கை விட்டுவிட்டுப் பாணியைப் பற்றி மட்டும் பேசுவது அரைகுறைப் பேச்சு. எத்தனை மொழியில் அச்சாகும், எந்த முறையில் அச்சாகும், பணம் ஒரே தடவையா ராயல்டியா, உரிமை யாரிடம் என்பதெல்லாம் படத்துக்குள்ளேயே தெரிகிறது. தேடிப் பார்த்தால் வானத்தின் நிறத்தில்கூடத் தெரிகிறது.

வானத்திலிருந்தே தொடங்கலாம். வண்ணப்படம் அச்சாவது நான்கு பிளேட்டில்: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ஒரே புத்தகத்தைப் பல மொழிகளில் சேர்த்து அச்சடிக்கும்போது முதல் மூன்றும் எல்லா மொழிக்கும் பொது. கறுப்பு பிளேட்டை மட்டும் கழற்றி மாற்றினால் ஆங்கிலப் புத்தகம் தமிழாகிவிடும், தமிழ் வங்காளியாகிவிடும். உலகம் முழுக்கக் கூட்டுப் பதிப்புகள் இப்படித்தான் அச்சாகின்றன. பதிப்பாளருக்கு இது பெரிய சிக்கனம். இதற்கு ஈடு கொடுப்பவர் ஓவியர். எழுத்து தனிக் கறுப்பில்தான் இருக்க வேண்டும். கருநீல ராத்திரியின் நடுவே வெள்ளை எழுத்தில் ஒரு வரி வைக்க ஆசைப்பட்டால், அந்த எழுத்துகளின் வடிவம் எல்லா பிளேட்டிலும் காலியிடமாக விழும். பிறகு மொழிக்கு மொழி நான்கையும் மாற்ற வேண்டியதுதான். ஆகவே வார்த்தை உட்காரப்போகும் இடம் வெளிறியே இருக்க வேண்டும். நம் படப்புத்தகங்களில் வானமும் சுவரும் மணல்வெளியும் இவ்வளவு தாராளமாக, இவ்வளவு வெளிர் நிறத்தில் கிடப்பதற்கு இது ஒரு காரணம்.

எவ்வளவு இடம் விடுவது என்பது அடுத்த சிக்கல். ஆங்கிலத்தில் நான்கு வரியில் அடங்குவது தமிழில் ஆறு வரிக்குப் போகும். நம் சொற்கள் நீளம், எழுத்துகளும் அகலம். மலையாளமும் அப்படித்தான். விஷயம் தெரிந்த ஆர்ட் டைரக்டர் முதல் ரஃப் கட்டத்திலேயே நீளமான மொழிக்கு இடம் ஒதுக்கச் சொல்வார். தெரியாதவர் கடைசியில் தமிழ் எழுத்தின் அளவைக் குறைப்பார். ஆறு வயதுக் குழந்தைக்கான புத்தகத்தில் எறும்பு எழுத்தில் தமிழ் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டால், ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து லேஅவுட் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

மூன்றாவது கட்டுப்பாடுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. படத்துக்குள் எழுத்து வரக் கூடாது. ஒன்பது மொழிக்கும் பொதுவான டீக்கடையில் எந்த மொழியில் பெயர் எழுதுவது? அதனால் டீக்கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. பஸ்ஸுக்கு ஊர் பெயர் இல்லை. சுவரில் கட்சி விளம்பரம் கிடையாது, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி கிடையாது. தெருவில் இறங்கினால் எழுத்து மேலே வந்து விழுகிற நாடு இது. அந்த நாட்டின் படப்புத்தகத் தெருக்கள் வாயடைத்துக் கிடக்கின்றன. சில ஓவியர்கள் எழுத்து போலவே தோன்றும் நெளிகோடுகளைப் போட்டுச் சமாளிக்கிறார்கள்.

ஒரே படம் பல மொழி என்பது நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. 1947 ஜூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’ என்று தொடங்கிய பத்திரிகை, பிறகு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் போனது. கதை மாறாது, படம் மாறாது, மொழி மட்டும் மாறும். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு உருவிய வாளோடு நடக்கும் அந்தப் படத்தை வரைந்த சங்கர் என்ற கே.சி. சிவசங்கரன் மாதச் சம்பளக்காரர். 1950களில் சேர்ந்தவர், கிட்டத்தட்ட பத்திரிகையின் ஆயுள் முழுக்க அதற்கே வரைந்தார். 2020இல் மறைந்தார், 2021இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். குடும்பத்தை மாதச் சம்பளம் பார்த்துக்கொண்டதால், ஒரே மன்னனின் மார்புக் கவசத்தை அரை நூற்றாண்டு அலுக்காமல் நுணுக்கி வரைய முடிந்தது. படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவரால் அந்த நுணுக்கத்தைக் கட்டுப்படியாக்க முடியாது.

தமிழ் வார இதழ்களின் உலகம் வேறு. ஜெயராஜ், மாருதி, மணியம் செல்வன் போன்றவர்களின் படங்கள் ஒரே வாரத்தில் பல இதழ்களில் வந்தன. அத்தியாயம் கைக்கு வந்து சேர்வதற்குள் படம் கேட்கிற தொழில் அது. அந்த அவசரம் ஒரு பாணியையே உண்டாக்கியது: பின்னணி இரண்டே கோடு, முகம் முழுப் பொலிவு, அடுத்த வாரம் என்ன நடக்குமோ என்ற பார்வை. இவர்களுக்கு முந்தைய தலைமுறையின் பெரிய கோடு கோபுலு. ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு வரைந்து புகழின் உச்சியில் இருந்தவர், 1960களில் விகடனை விட்டு விளம்பரத் தொழிலுக்குப் போனார். பிறகு ஆட்வேவ் என்று சொந்த விளம்பர நிறுவனமே தொடங்கினார். கலைஞன் வணிகத்துக்குப் போய்விட்டான் என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. விளம்பரத்துக்குப் போன பிறகும் கோபுலு பத்திரிகைக்கு வரைந்துகொண்டுதான் இருந்தார். ஒரு கையில் விளம்பரம், இன்னொரு கையில் கதை என்ற இந்த ஏற்பாடுதான் இன்று நாட்டிலுள்ள பெரும்பாலான ஃப்ரீலான்ஸ் ஓவியர்களின் வாழ்க்கை முறை.

சட்டம் இவர்களை எப்படிப் பார்க்கிறது? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் யார் என்று சொல்கிறது. பொது விதி எளிமையானது: படைத்தவரே உரிமையாளர். பிறகு விதிவிலக்குகள் வரிசையாக வருகின்றன. பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்தப் பத்திரிகைக்காக எழுதியது, வரைந்தது எல்லாம் பத்திரிகையில் வெளியிடும் அளவுக்கு முதலாளிக்குச் சொந்தம்; மற்ற எல்லா வகையிலும், வேறு உடன்படிக்கை இல்லையென்றால், படைத்தவருக்கே சொந்தம். அடுத்த உட்பிரிவு ஃப்ரீலான்ஸ்காரர் வயிற்றில் புளியைக் கரைப்பது. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமும் கொடுத்து, அதற்காக எடுக்கப்பட்ட புகைப்படம், தீட்டப்பட்ட ஓவியம், உருவப்படம், செதுக்குப்படம், திரைப்படம் ஆகியவற்றுக்கு, வேறு உடன்படிக்கை இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர்.

இந்தப் பட்டியலில் இலக்கியப் படைப்பு இல்லை. இதன் விளைவை ஒரு படப்புத்தகத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். பதிப்பாளர் ஒருவரிடம் கதை கேட்கிறார், இன்னொருவரிடம் படம் கேட்கிறார். இருவரும் வெளியாட்கள். இருவருக்கும் பேசிய தொகையைக் கொடுத்துவிடுகிறார். இருவரிடமும் எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லை. முந்நூறு சொல் எழுதியவரிடம் கதையின் உரிமை அப்படியே இருக்கிறது. மூன்று மாதம் உட்கார்ந்து முப்பத்திரண்டு பக்கம் வரைந்தவரின் உரிமை, அந்தப் படங்களை ‘ஓவியம்’ என்று கொண்டால், பதிப்பாளரிடம் போய்விட்டது. கோட்டுச் சித்திரத்தைச் சட்டம் தன் வரையறைப் பிரிவில் ஓவியத்திலிருந்து தனியாகச் சொல்வதால், பேனாவால் வரைந்தது இந்த விதிவிலக்கில் அடங்காது என்று வாதாட இடம் உண்டு. ஐபேடில் வரைந்தது இரண்டில் எது? கறுப்புக் கோடு போட்டு நிறுத்தியிருந்தால் ஒரு விடை, அதே கோட்டுக்குள் நிறம் ஊற்றியிருந்தால் வேறு விடையா? வக்கீலுக்குச் சம்பாத்தியம் தரும் கேள்விகள். ஓவியருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

அதனால் ஒரு பக்க ஒப்பந்தமாவது வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல. ஒப்பந்தம் இருந்துவிட்டால் 19ஆம் பிரிவு ஓவியர் பக்கம் நிற்கிறது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்று கொள்ள வேண்டும். இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு ஏற்பாடு எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகும். இந்த மூன்று சலுகைகளையும் ஒரே வரியில் அடித்துவிடும் வாசகம் பெரிய நிறுவனங்களின் அச்சடித்த ஒப்பந்தங்களில் பழகிப்போன ஒன்று: உலகம் முழுவதும், எக்காலத்துக்கும், இன்றுள்ள மற்றும் இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும். இளம் ஓவியர்கள் பெரும்பாலும் அதைப் படிப்பதில்லை. படித்தாலும் முதல் புத்தகம் கைவிட்டுப் போகுமே என்ற பயத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். சிறு பதிப்பகங்களிலோ வாட்ஸ்அப் செய்திதான் ஒப்பந்தம். ‘சார், பன்னெண்டு படம், அட்டையோட சேர்த்து, இந்த மாசக் கடைசிக்குள்ள’ என்று ஒரு குரல்பதிவு. பதிலுக்கு ஒரு கட்டைவிரல்.

இதற்கெல்லாம் முற்றிலும் வேறான பாதை ஒன்று 2015 செப்டம்பரில் பெங்களூரில் திறந்தது. பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகளும் படங்களும் திறந்த உரிமத்தில் இருக்கின்றன. எழுதியவர், வரைந்தவர் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சடித்து விற்கவும் செய்யலாம். இன்று 300க்கும் மேற்பட்ட மொழிகளில் அங்கே கதைகள் இருக்கின்றன. பெரிய பதிப்பாளர் எவரும் திரும்பிப் பார்க்காத பழங்குடி மொழிகளிலும் வண்ணப் படத்தோடு குழந்தைப் புத்தகம் கிடைப்பது இதனால்தான். இதைச் சின்ன சாதனை என்று யாரும் சொல்ல முடியாது.

ராஜீவ் ஐப் எழுதி வரைந்த ‘அம்மாச்சிஸ் அமேசிங் மெஷின்ஸ்’ அங்கே இருக்கிறது. இதுவும் ஓர் அம்மாச்சி. பேரன் சூரஜும் பாட்டியும் கப்பி, நெம்புகோல் போன்ற எளிய இயந்திரங்களை வைத்துத் தேங்காய் பர்ஃபி செய்கிறார்கள். துலிகாவின் அம்மாச்சியை வேறொரு கதைக்குள் கொண்டுபோக யாருக்கும் அனுமதி இல்லை. ஸ்டோரிவீவரின் அம்மாச்சியை, வேண்டுமானால், நாளைக்கே நீங்கள் எழுதும் கதைக்குள் குடிவைக்கலாம். தளத்தில் படங்கள் தனியாகக் கோத்து வைக்கப்பட்டிருக்கின்றன. யானை வேண்டும், மழை வேண்டும், அழுகிற குழந்தை வேண்டும் என்று தேடி எடுத்து, அவற்றை வைத்துப் புதுக்கதை கட்டலாம்.

வரைபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று பணம். பிரதம் புக்ஸ் படத்துக்கு ஒரு தொகை கொடுக்கிறது. அதன்பின் அந்தப் படம் எத்தனை மொழிக்குப் போனாலும் எத்தனை பேர் அச்சடித்து விற்றாலும் ஓவியருக்கு வருவது பெயர் மட்டும். அந்தப் பெயர் பெரிய முதலீடுதான். நாட்டின் மூலைமுடுக்கிலெல்லாம் படம் போய்ச் சேர்ந்ததால் வேலை தேடி வந்த கதைகள் உண்டு. ஆனால் வீட்டு வாடகைக்குப் பெயரைக் கொடுக்க முடியாது. இரண்டாவது விஷயம் இன்னும் நுட்பமானது. படப்புத்தகத்தில் ஒரு படத்தின் அர்த்தம் முந்தைய பக்கத்திலிருந்தும் அடுத்த பக்கத்திலிருந்தும் வருகிறது. பக்கம் திருப்பும் அந்த நொடிக்காகவே நல்ல ஓவியர் பத்து ரஃப் போட்டுக் கிழிக்கிறார். திருப்பத்துக்கு முன்னால் வாலை மட்டும் காட்டிவிட்டு, திருப்பியதும் புலியைக் காட்டுவது இந்தக் கலையின் பால பாடம். படங்களைப் பிரித்துத் தனித்தனிச் சரக்காக்கும் கிடங்கில் அந்த வால் வெறும் வால்தான். தனியே நிற்கவல்ல, எந்தக் கதையிலும் பொருந்தவல்ல படத்துக்குத்தான் அங்கே மறுபிறவி அதிகம். திறந்த உரிமத்தை நான் ஆதரிக்கிறேன். அதே சமயம், அது எந்த வகைப் படத்துக்குச் சாதகம் என்பதைப் பார்க்காமல் கைதட்டுவது சரியில்லை.

எதிர்முனையில் சென்னையிலேயே தாரா புக்ஸ் இருக்கிறது. ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ 2006இல் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி மூவரும் மரங்களை வரைந்தார்கள். கையால் செய்த கறுப்புத் தாளில், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை வைத்து, ஒவ்வொரு தாளையும் கையால் அச்சடித்த புத்தகம் அது. பக்கத்தைத் தடவினால் மை மேடாகத் தட்டுப்படும். நிறம் கூடக் கூடத் திரை கூடும், ஆள்கூலி கூடும், தாள் காயும் நேரமும் கூடும். அதனால் ஒரு பக்கத்துக்கு இரண்டோ மூன்றோ நிறம்தான். கோண்டு ஓவியத்தின் புள்ளியும் கோடும் தட்டையான நிறமும் இந்தக் கட்டுப்பாட்டுக்கென்றே பிறந்தவை போலப் பொருந்தின. கறுப்புத் தாள் என்பதால் ராத்திரியை வரைய வேண்டிய அவசியமே இல்லை. அட்டையில் ஆசிரியர் பெயர் இருக்கும் இடத்தில் மூன்று ஓவியர்களின் பெயர்கள் இருக்கின்றன. பஜ்ஜு ஷியாமுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது, துர்கா பாய்க்கு 2022இல். விலை அதிகம், பிரதிகள் குறைவு, வாங்குபவர்களில் பலர் குழந்தைகளே அல்ல, கலைப்பொருள் சேகரிப்பவர்கள் என்ற குற்றச்சாட்டு நியாயமானது. அந்தப் புத்தகம் அரசுப் பள்ளி நூலகத்தில் இருக்காது. ஸ்டோரிவீவரின் அம்மாச்சி இருப்பாள்.

வணிகச் சந்தைக்கு வருவோம். அங்கே பணம் உண்டு, பெயர் இல்லை. ஏஷியன் பெயின்ட்ஸின் சின்னமான ‘கட்டு’ என்ற பையனை 1954இல் வரைந்தவர் ஆர்.கே. லக்ஷ்மண் என்பது, அவர் வேறு காரணத்துக்காகப் புகழ்பெற்றவர் என்பதால்தான் நமக்குத் தெரியும். தீப்பெட்டியிலும் ஊதுபத்தி டப்பாவிலும் சிவகாசிக் காலண்டரிலும் இருந்த முகங்களை வரைந்த மற்றவர்களில் பெரும்பாலோர் பெயர் மறைந்தே போனது. இன்றைய வடிவத்தில் அந்த வேலை செயலிகளுக்குள் நடக்கிறது. 2017இல் ஃபேஸ்புக்குக்காக பக் என்ற அமெரிக்க ஸ்டுடியோ உருவாக்கிய ஒரு பாணி, வங்கிச் செயலி முதல் காய்கறி விற்கும் செயலிவரை பரவியதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்: சின்னத் தலை, நீண்டு வளையும் கைகால், ஊதா அல்லது நீலத் தோல். அதைப் பார்த்து அலுத்துக்கொள்வது எளிது. ஏன் அப்படி என்று கேட்டால் விடை ரசனையில் இல்லை, கோப்பில் இருக்கிறது. கைபேசியின் மூலையிலும் விமான நிலையப் பலகையிலும் ஒரே படம் உடையாமல் நிற்க வேண்டும். ஆறு ஓவியர்கள் வரைந்தாலும் ஒருவர் வரைந்தது போல இருக்க வேண்டும். கையைக் கழற்றி வேறு கையை மாட்ட வசதி வேண்டும். ஊதாத் தோலுக்கு எந்த நாட்டுச் சந்தையிலும் சாதிமதச் சண்டை வராது. இவ்வளவு நிபந்தனைகளையும் பூர்த்தி செய்த பிறகு ஓர் ஓவியரின் கைவாகு எங்கே மிஞ்சும்?

மிஞ்சும் வழிகளைச் சிலர் கண்டுபிடித்திருக்கிறார்கள். சும்பக் என்ற பரிசுப்பொருள் நிறுவனத்தின் தொடக்க கால ஓவியர் அலிஷியா சூசா, பிறகு பெங்களூரில் தன் பெயரிலேயே காலண்டரும் நோட்டும் குவளையும் விற்கும் தொழிலை அமைத்துக்கொண்டார். சமூக ஊடகத்தில் நாள்தோறும் போடும் கேலிச்சித்திரம் விளம்பரம், விற்பது பொருள், உரிமை முழுக்கத் தன்னிடம். 2025 குடியரசு தினத்துக்கு கூகுள் முகப்பில் வந்த படத்தை வரைந்தவர் புனேயைச் சேர்ந்த ரோஹன் தஹோத்ரே. பல மாநில உடைகளை அணிந்த விலங்குகளின் ஊர்வலம் அது. அவர் காட்டுயிர்களை வரைந்தே பழகியவர். அந்த ஒரு நாள் படத்தில், காட்டில் பழகிய கை அப்படியே தெரிந்தது. ஓவியரின் பெயரையும் கூகுள் போட்டது. இத்தகைய வேலை ஆண்டுக்கு ஒன்று வந்தால், குழந்தைப் புத்தகம் இரண்டு தாங்கும் என்பது இத்தொழிலில் உள்ளவர்களின் நடைமுறைக் கணக்கு. குழந்தைப் புத்தகத்துக்கு விளம்பரம்தான் மானியம் கொடுக்கிறது. அந்தப் புத்தகத்தில் பயின்ற கையைப் பார்த்துத்தான் விளம்பர நிறுவனம் அழைக்கிறது.

சுவரோவியங்கள் வேறு விதமான வழக்கைக் கொண்டுவந்தன. ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை 2020இல் சென்னைக் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் பெரும் ஓவியங்களைத் தீட்டியது பலருக்கு நினைவிருக்கும். அதே அறக்கட்டளை மும்பையில் உருவாக்கிய ஒரு சுவரோவியத்தை ஒரு காப்பீட்டு நிறுவனம் தன் விளம்பரத்தில் பயன்படுத்தியபோது, விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பொது இடத்தில் இருக்கும் ஓவியம்தானே என்ற வாதம் எடுபடவில்லை. விளம்பரத்தை எடுத்துவிடும்படி 2023 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது. தெருவில் இருப்பதெல்லாம் இலவசம் என்று எண்ணிய விளம்பரத் துறைக்கு அது நல்ல சூடு.

தமிழில் மட்டும் வெளியாகும் குழந்தைப் புத்தகங்களின் பொருளாதாரம் இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. இங்கே நெடுங்காலமாகப் பதிப்பாளரின் உயிர்நாடி நூலக ஆணை, அதாவது பொது நூலகங்களுக்கு அரசு புத்தகம் வாங்கும் ஆணை. நூலகம் விலையைக் கணக்கிட்டது பாரத்தை வைத்து. பாரத்துக்குப் பதினாறு பக்கம், பாரத்துக்கு இவ்வளவு ரூபாய். நாவலுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். இரண்டே பாரத்தில் முடிந்துபோகும், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வண்ணமும் உழைப்பும் நிறைந்த படப்புத்தகத்துக்கு இது அநியாயக் கணக்கு. அதனால்தான் தமிழ்க் குழந்தை நூல்களில் பல, படம் போட்ட கதைப்புத்தகங்களாக நின்றுவிட்டன: பத்துப் பக்கத்துக்கு ஒரு கறுப்புவெள்ளைப் படம், அட்டை மட்டும் வண்ணம். கற்பனைப் பஞ்சம் என்று இதைச் சொல்கிறவர்கள் பாரக் கணக்கைப் பார்த்ததில்லை. பள்ளிக் கல்வித்துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் ‘நுழை, நட, ஓடு, பற’ வரிசைச் சிறு நூல்கள் இந்த நிலையை ஓரளவு அசைத்தன. வாங்குபவரே தயாரிப்பவராகவும் இருந்ததால், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம் என்பது சாத்தியமானது.

பிரிட்டனில் 1979இல் ஒரு சட்டம் வந்தது. பொது நூலகத்தில் ஒரு புத்தகம் இரவல் போகும் ஒவ்வொரு முறைக்கும் சில பென்ஸ் படைப்பாளிக்கு அரசு கொடுக்கிறது. ஓவியருக்கும் அதில் பங்கு உண்டு. ஒருவருக்கு ஆண்டுக்கு 6,600 பவுண்டுக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பு, புகழ்பெற்றவர்களே அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்கிறது. குழந்தைகள் ஒரே படப்புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துச் செல்வதால், படப்புத்தக ஓவியர்களுக்கு இது மெய்யான வருமானம். நம் ஊரில் கிராம நூலகம்வரை பரந்த வலையமைப்பு இருக்கிறது. இரவல் பதிவேடும் இருக்கிறது. அதை வைத்து ஓவியருக்குப் பணம் கொடுக்கலாம் என்ற பேச்சு இன்னும் எழவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் இயந்திரம் வந்துவிட்டது. 2022இல் சொல் கொடுத்தால் படம் தரும் மென்பொருள்கள் பொதுமக்கள் கைக்கு வந்தன. 2023 ஜனவரியில் சாரா ஆண்டர்சன், கெல்லி மெக்கெர்னன், கார்லா ஆர்டிஸ் என்ற மூன்று ஓவியர்கள் தங்கள் படங்களை அனுமதியின்றிப் பயன்படுத்தி அந்த மென்பொருள்களைப் பயிற்றியதாக அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். அடுத்த மாதமே அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம், அப்படி உண்டாக்கிய படங்களோடு வந்த ஒரு படக்கதையில் எழுத்துக்கும் கோர்வைக்கும் உரிமை உண்டு, தனிப்பட்ட படங்களுக்கு இல்லை என்று முடிவு செய்தது. 2025 மார்ச்சில் நம் ஊரில் கல்யாண ஆல்பம் முதல் அரசியல்வாதியின் முகம்வரை எல்லாம் ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் பாணிக்கு மாறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

முதல் அடி விழுந்த இடம் எதிர்பார்த்ததுதான்: கைகால் மாட்டிக் கழற்றும் செயலிப் படங்கள், சிறு பதிப்பகங்களின் நாவல் அட்டை, பண்டிகை வாழ்த்து, தனியார் பள்ளிப் பயிற்சிப் புத்தகம். பெயர் கேட்காத வேலைகள் எல்லாம் போகின்றன. அதாவது குழந்தைப் புத்தகத்துக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்த வேலைகள். முழுப் படப்புத்தகத்தை இயந்திரத்திடம் கேட்பவர்களும் உண்டு. ஆறாம் பக்கத்தில் ஐந்து விரல், ஒன்பதாம் பக்கத்தில் ஆறு விரல் என்ற கேலியெல்லாம் பழசாகிவிட்டது, அது திருந்திவிட்டது. திருந்தாதது வேறு. இயந்திரத்தின் பாட்டி கட்டியிருக்கும் புடவை எந்த ஊர்க் கட்டும் இல்லை. அவள் அம்மியில் அரைக்கும்போது குழவியை ஆட்டுக்கல்லில் போல நிறுத்திப் பிடித்திருக்கிறாள். பார்க்கிற குழந்தைக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் அம்மி தெரியாது என்றால் இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒருவரும் இல்லை.

2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறையின் குழு ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. பதிப்புரிமையுள்ள படைப்புகளை இயந்திரப் பயிற்சிக்கு நிறுவனங்கள் பயன்படுத்தலாம். படைத்தவர் மறுக்க முடியாது. பதிலாக, வருவாயில் ஒரு பங்கை ராயல்டியாகக் கொடுக்க வேண்டும். அதை ஒரு பொது அமைப்பு வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் என்பது அதன் யோசனை. ‘இந்தப் படங்களைக் கொண்டு எந்த இயந்திரத்தையும் பயிற்றக் கூடாது’ என்று சமீப காலமாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கத் தொடங்கியிருக்கும் ஓவியர்களுக்கு இது நல்ல செய்தி இல்லை. இசைக்காரர்களுக்கு வசூலித்துக் கொடுக்கும் சங்கம் பல்லாண்டுகளாக இயங்குகிறது. யார் எந்தப் பாட்டுக்கு உரிமையாளர் என்ற பதிவும் அதனிடம் இருக்கிறது. புத்தகப் படங்களுக்கு அந்த அளவில் ஒரு பதிவு கிடையாது. பங்கு யாருக்கு என்ற கேள்வி வந்தால் 17ஆம் பிரிவுக்கே திரும்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டி முடித்த வேலைகளில், பணம் ஓவியருக்கா பதிப்பாளருக்கா என்ற தகராறு அங்கேதான் தொடங்கும். தமிழ்க் குழந்தை நூல்கள் பலவற்றில் நூல் விவரப் பக்கத்தில் தாள், எழுத்தளவு, அச்சகம், விலை எல்லாம் இருக்கின்றன. ஓவியர் பெயரைப் போட்டிருந்தாலும் படங்களின் உரிமை யாருடையது என்ற வரி இருப்பதில்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்கப் பதிப்பாளருக்கு ஒரு பைசா செலவில்லை. அடுத்த அச்சுக்குக் கறுப்பு பிளேட் போடும்போதே சேர்த்துவிடலாம்.